அங்கோரில் ஒரு நாள்: வழிகாட்டியுடன் கோயில் உலா

அங்கோரின் கோயில்கள் கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்கு வடக்கே, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தொல்லியல் பூங்காவில் பரந்து கிடக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசின் தலைநகர்கள் இந்தச் சமவெளியில்தான் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1992-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பது யாராலும் ஆகாத காரியம். ஆனாலும் பாங்காக், ஹோ சி மின், சிங்கப்பூர் என்று சுற்றிவரும் பயணிகளில் பலருக்கு அங்கோருக்கென ஒதுக்க ஒரு நாள்தான் கிடைக்கிறது. அந்த நாள் வீணாகாமல் இருக்கத் தேவையானது நல்ல வழிகாட்டியும் சரியான வரிசையும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே இரண்டு பாதைகள் வகுக்கப்பட்டன. 17 கிலோமீட்டர் நீளமுள்ளது சிறு சுற்று. 26 கிலோமீட்டர் நீளமுள்ளது பெருஞ்சுற்று. ஒரு நாள் பயணிக்கு உகந்தது சிறு சுற்றுதான். அதில் அங்கோர் வாட், அங்கோர் தோம், தா ப்ரோம் ஆகிய மூன்றும் அடங்கிவிடும். இவற்றோடு 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பந்தேய் ஸ்ரே, மலை உச்சியில் அந்திக் காட்சி, நகரில் சந்தை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கித் தரும் சுற்றுலாத் திட்டங்கள் உண்டு. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அப்படிப் போகிறவர் வண்டியில் இருக்கும் நேரம் கோயிலில் இருக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

நுழைவுச்சீட்டு

சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. நகரிலிருந்து பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள அங்கோர் என்டர்பிரைஸ் நிறுவனத்தின் மையத்தில், அல்லது அதன் இணையதளத்தில் மட்டுமே வாங்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மாற்றியமைக்கப்பட்ட கட்டணப்படி ஒரு நாள் சீட்டு 37 அமெரிக்க டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சீட்டில் பயணியின் படம் அச்சாகியிருக்கும் என்பதால் ஒருவர் சீட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு கோயிலிலும் அதைக் கேட்டுப் பார்ப்பார்கள். பூங்காவுக்குள் உள்ள கழிப்பறைகளில் சீட்டைக் காட்டினால் காசு வாங்குவதில்லை.

முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மேல் வாங்கும் சீட்டு மறுநாளுக்குத்தான் கணக்கு. ஆனால் அன்று மாலையே உள்ளே போய்வரவும் அது இடம் தரும். சீட்டு வேலையை முந்தைய மாலையே முடித்துவிட்டால் விடியற்காலையில் வரிசையில் நிற்கும் அரைமணி மிச்சம். சுற்றுலாக் கட்டணத்தில் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்காது. பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஆண், பெண் இருவருக்கும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். தோளில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களை அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு விடாமல் திருப்பி அனுப்புவதுண்டு. மெல்லிய பருத்திச் சட்டையும் முழுக்கால் ஆடையும் வெயிலுக்கும் விதிக்கும் ஒத்துவரும்.

வழிகாட்டியும் வண்டியும்

கோயிலுக்குள் நின்று விளக்கம் சொல்ல உரிமை பெற்றவர்கள் கம்போடியச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் உள்ள வழிகாட்டிகள் மட்டுமே. அவர்களுக்குச் சீருடையும் அடையாள அட்டையும் உண்டு. துக்துக் ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. ஓட்டுநர் வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார், உள்ளே வரமாட்டார். எனவே வண்டிக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துத் தரும் நிறுவனத்தை நாட வேண்டும். வழிகாட்டிகள் மொழிவாரியாகப் பதிவு பெற்றவர்கள். தமிழ்ப் பயணிகள் பெரும்பாலும் ஆங்கில வழிகாட்டியையே அமர்த்துகிறார்கள்.

பெரிய குழுவோடு பேருந்தில் போனால் செலவு குறையும். ஆனால் குழுவின் நடை அதில் மிக மெதுவானவரின் நடைதான். நான்கு பேர் கொண்ட குடும்பம் தனி வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு பெரிதாக உயராது, வரிசையையும் தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அமர்த்தும்போதே இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடைகளில் நிறுத்தக் கூடாது என்பது ஒன்று. சுவர்ச் சிற்பங்களுக்கு நேரம் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லாவிட்டால் படம் எடுக்க வாகான இடங்களையே காட்டி முடித்துவிடும் வழிகாட்டிகள் உண்டு. வழிகாட்டியின் உதவி உண்மையில் தேவைப்படுவது சிற்பச் சுவருக்கு முன்னால்தான். மரத்தையும் கோபுரத்தையும் பார்க்க அவர் தேவையில்லை.

விடியல் முதல்: அங்கோர் வாட்

அங்கோர் வாட் நகரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். காலை 5 மணிக்குத் திறக்கிறது. மற்றக் கோயில்கள் பெரும்பாலும் 7:30-க்குத்தான் திறக்கும். ஆகவே நாளை அங்கோர் வாட்டில் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதுவே நல்ல வழியும்கூட.

இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில் இது. அகழியே ஏறத்தாழ 190 மீட்டர் அகலம். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயரம். தமிழகத்துக் கோயில்களில் பிற்காலத்தில் வாசல் கோபுரங்கள் வளர்ந்து கருவறை விமானம் சிறுத்தது. இங்கே மேரு மலையைப் போல நடுவில்தான் உயரம். சுற்று மதிலிலிருந்து உள்ளே போகப் போகத் தளம் தளமாக மேலேற வேண்டும். கோயில் மேற்கு நோக்கி இருப்பதால் விடியலில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுகிறது. வடக்குக் குளத்தின் கரையில் கூட்டம் நெருக்கியடிப்பது இந்தக் காட்சிக்காகத்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், அப்போது பார்க்கத் தகுந்தது. மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடலாம். அந்நாட்களில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிவிட்டு வந்தாலும் இழப்பு அதிகமில்லை.

சூரியன் மேலே வந்ததும் குழுக்களில் பெரும்பகுதி காலை உணவுக்கு விடுதி திரும்பிவிடும். நாளின் மிகச் சிறந்த ஒன்றரை மணி நேரம் அப்போது தொடங்குகிறது. உணவைக் கையோடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் கோயிலிலேயே தங்கிவிட வேண்டும்.

முதல் தளத்தைச் சுற்றியுள்ள நெடுமண்டபங்களின் உட்சுவர் முழுவதும் சுமார் 2 மீட்டர் உயரத்துக்குப் புடைப்புச் சிற்பம். மண்டபத்தின் வெளிப்பக்கம் தூண்கள் மட்டுமே என்பதால், எந்தத் திசையில் வெயில் இருக்கிறதோ அந்தத் திசைச் சுவர்தான் தெளிவாகத் தெரியும். இதிலிருந்தே பார்க்கும் வரிசை கிடைத்துவிடுகிறது: காலையில் கிழக்கும் தெற்கும், மேற்கை மாலைக்கு விட்டுவைக்க வேண்டும்.

கிழக்கு மண்டபத்தின் தென்பாதியில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. இடப்பக்கம் 92 அசுரர், வலப்பக்கம் 88 தேவர், இடையில் வாசுகி. நடுவே விஷ்ணு, அவருக்குக் கீழே ஆமை, மேலே நுரையிலிருந்து எழுந்து பறக்கும் அப்சரஸ்கள். தேவர் பக்கம் வாசுகியின் வாலைப் பிடித்திருப்பது ஒரு வானரம். பாற்கடல் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ராமாயணத்தைத் தங்களுக்கென ராமகெர்த்தியாக ஆக்கிக்கொண்டவர்கள் கெமர் மக்கள். கதைகளை அவர்கள் தங்கள் வழியில் சொல்லியிருக்கிறார்கள், இந்தச் சிற்பங்களில் ரசிக்க வேண்டியதும் அதுதான். வழிகாட்டியிடம் இந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும். தேவரும் அசுரரும் எப்படி வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளனர், தலையணி எப்படி, கண் எப்படி என்று கேட்டுக்கொண்டால் பிறகு அங்கோர் தோமின் வாசலிலும் அந்த அறிவு கைகொடுக்கும்.

அங்கிருந்து தெற்கு மண்டபம். அதன் கிழக்குப் பாதியில் சொர்க்கமும் நரகமும். எருமை மீது பல கைகளுடன் எமன், தீர்ப்புக்கு உதவியாகச் சித்திரகுப்தன், கீழே 32 நரகங்கள். மேற்குப் பாதியில் சூரியவர்மனே அரியணையில் அமர்ந்திருக்கிறான். அவனுடைய படை அணிவகுத்துப் போகிறது. அணியின் முன்பகுதியில் சியாமியக் கூலிப்படையும் உண்டு. கெமர் வீரர்களின் ஒழுங்குக்கு முன் அவர்களுடைய உடையும் நடையும் மாறித் தெரியும். கிழக்கு மண்டபத்தின் வடபாதிச் சிற்பங்கள் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. உளியின் நேர்த்தி குறைவு, ஒரு நாள் பயணி அவற்றைக் கடந்துவிடலாம்.

மூன்றாம் தளமான பாக்கானுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. இப்போது மரப்படியும் கைப்பிடியும் அமைத்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் விடுவதில்லை, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. மாதத்தில் நான்கு பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடப்பட்டிருக்கும். பயண நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே வழிகாட்டியிடம் இதைக் கேட்டுவைப்பது நல்லது. காலை எட்டு மணிக்கு மேல் படிக்குக் கீழே நீண்ட வரிசை சேரும் என்பதால், சிற்பங்களில் ஒரு பகுதியைப் பார்த்ததும் முதலில் ஏறிவிட்டு வருவது புத்திசாலித்தனம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமல் இருந்தால் பெரிய இழப்பு இல்லை. சிற்பங்கள் கீழ்த்தளத்தில்தான்.

விஷ்ணு கோயிலாகத் தொடங்கிய இது பல நூற்றாண்டுகளாகப் பௌத்த வழிபாட்டுத் தலம். துறவிகள் இன்றும் வருகிறார்கள். அவர்களைப் படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது. சிற்பங்களைக் கையால் தடவுவதும் கூடாது. கை பட்டுப் பட்டு மெருகேறிக் கறுத்த பகுதிகள் சுவர் முழுதும் தெரிகின்றன.

முற்பகல்: அங்கோர் தோம்

அங்கோர் தோம் ஒரு நகரம். ஏழாம் ஜெயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் நீளமுள்ள மதில், சுற்றிலும் அகழி, ஐந்து வாசல்கள். 1177-இல் அண்டை நாட்டுச் சாம் படைகள் அங்கோரைத் தாக்கிச் சூறையாடியதற்குப் பின் எழுந்த நகரம் என்பதால் அரண் இவ்வளவு வலுவாக இருக்கிறது.

தெற்கு வாசலில் வண்டியை விட்டு இறங்கி நடந்தே உள்ளே போக வேண்டும். பாலத்தின் ஒருபுறம் 54 தேவர், மறுபுறம் 54 அசுரர், இரு வரிசையும் நாகத்தைப் பிடித்திருக்கும். காலையில் சுவரில் பார்த்த கதை இங்கே ஆளுயரத்துக்கும் மேலான கல்லில் நிற்கிறது. வண்டிகள் இதே குறுகிய வாசல் வழியாகத்தான் போய்வருகின்றன. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நகரின் நடுவில் பாயோன். நாற்புறமும் புன்னகைக்கும் பெரிய முகங்கள் கொண்ட கோபுரங்களால் உலகப் புகழ் பெற்றது. முகம் யாருடையது என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அவலோகிதேசுவரர் என்பார்கள், மன்னனே என்பார்கள். பெரும்பாலான குழுக்கள் நேராக மேலே ஏறி முகங்களோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அந்தத் தவறு நேரக் கூடாது. கிழக்கு வாசலில் நுழைந்து இடப்புறம் திரும்பி, சுவர் வலக்கைப் பக்கம் இருக்குமாறு வெளி மண்டபத்தில் நடக்க வேண்டும். போருக்குப் போகும் படை, அதன் பின்னால் வண்டியும் சமையல் பாத்திரமுமாகப் போகும் குடும்பங்கள். தெற்குச் சுவரில் சாம் படையுடன் நடந்த படகுப் போர், படகுகளுக்கு அடியில் மீன்கள். அதற்கும் கீழே சாதாரண மனிதர்கள்: சந்தையில் விற்கும் பெண், சேவல் சண்டை, அடுப்பில் வேகும் சோறு, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அங்கோர் வாட்டின் சுவர் முழுவதும் தேவரும் மன்னரும்தான். 800 ஆண்டுகளுக்கு முந்தைய குடிமக்களை நேருக்கு நேர் பார்க்கக் கிடைப்பது இங்கேதான். இந்தச் சுவருக்கு முக்கால் மணி நேரம் கொடுக்க வேண்டும். முகங்களுக்கு அரைமணி போதும்.

பாயோனுக்கு வடக்கே 11-ஆம் நூற்றாண்டின் பாப்புவோன். பிரெஞ்சு அறிஞர்கள் இதைச் சீரமைப்பதற்காகக் கல் கல்லாகக் கழற்றி, எண்ணிட்டுச் சுற்றியுள்ள காட்டில் அடுக்கினார்கள். உள்நாட்டுப் போர் வந்து பணி நின்றது. எந்தக் கல் எங்கே என்ற குறிப்புகள் கெமர் ரூஜ் காலத்தில் அழிந்தன. 1995-இல் மீண்டும் தொடங்கி, ஏறத்தாழ 3,00,000 கற்களுக்கு உரிய இடத்தைத் தேடித் தேடிப் பொருத்தி, 2011-இல் முடித்தார்கள். பொறுமைக்கும் உழைப்புக்கும் இதைவிடப் பெரிய சான்று அங்கோரில் இல்லை. மேலே ஏற நேரமில்லாவிட்டாலும் மேற்குப் பக்கம் போய், சுவரின் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு வரலாம். சற்றுத் தள்ளி நின்றால்தான் உருவம் பிடிபடும். யானை மேடை, தொழுநோய் மன்னன் மேடை இரண்டும் அடுத்தடுத்து வழியிலேயே இருக்கின்றன, நடந்தபடியே பார்க்கலாம்.

நண்பகல்

பதினொன்றரை முதல் இரண்டு மணி வரை கோயில்களில் நிற்கக் கூடாது. ஏப்ரலில் வெப்பம் 40 பாகையை நெருங்கும். மற்ற மாதங்களிலும் புழுக்கம் அதிகம், கல் தளம் அடுப்புக்கல்லாகக் கொதிக்கும். உணவகங்கள் அங்கோர் வாட்டுக்கு எதிரிலும் ஸ்ரா ஸ்ராங் குளக்கரையிலும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிக் குழம்பு என்று தருவதிலும் மீன் சாறோ, பிரஹோக் என்ற மீன் விழுதோ சேர்ந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறும் கூடாது என்பதை வழிகாட்டி மூலம் கெமர் மொழியிலேயே சொல்லச் செய்ய வேண்டும். சியெம் ரீப் நகரில் இந்திய உணவகங்கள் உள்ளன, ஆனால் போய்வர நேரம் பிடிக்கும்.

பணம் டாலரிலும் ரியலிலும் புழங்குகிறது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். சிறு கிழிசல் உள்ள டாலர் நோட்டையும் கடைக்காரர்கள் வாங்கமாட்டார்கள். சின்னத் தாள்களாக வைத்திருப்பது நல்லது. அஞ்சலட்டை, விசிறி என்று விற்கவரும் சிறுவர் சிறுமியரிடம் எதுவும் வாங்க வேண்டாம் என்பது பூங்காவை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் வேண்டுகோள். அந்த வருமானமே அவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கிறது. பெரியவர்கள் நடத்தும் கடைகளில் வாங்கலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. கடித்தால் அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டிவரும், மிச்சப் பயணமும் குலையும்.

பிற்பகல்: தா ப்ரோம்

காட்டு மரங்களின் வேர்கள் கோபுரங்களைக் கவ்வி நிற்கும் கோயில் இது. ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-இல் நிறுவிய மடாலயம். இங்குள்ள கல்வெட்டு அந்நாளைய நிர்வாகத்தைக் கணக்கோடு சொல்கிறது: வளாகத்தில் வாழ்ந்தவர்கள் 12,640 பேர், தலைமைக் குருக்கள் 18 பேர், நடன மகளிர் 615 பேர். வேர்களுக்கு நடுவே நிற்கும்போது இந்த எண்களை வழிகாட்டி சொன்னால்தான் இது பாழடைந்த காட்டுக் கோயில் அல்ல, ஒரு காலத்தில் ஊராகவே இயங்கியது என்பது விளங்கும்.

இந்தியத் தொல்லியல் துறை கம்போடிய அரசுடன் சேர்ந்து இங்கே பல ஆண்டுகளாகச் சீரமைப்புப் பணி செய்துவருகிறது. நடன மண்டபம் அப்படி மீட்டெடுக்கப்பட்டதுதான். மரங்களை வெட்டினால் சுவர் சரியும், விட்டால் வேர் பிளக்கும். இரண்டுக்கும் இடையில் கற்களைத் தாங்கிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். மரப்பலகைப் பாதை ஒருவழியாகப் போகிறது. நிழல் இருப்பதால் பிற்பகல் இரண்டரைக்கு மேலும் இங்கே நடப்பது கடினமில்லை. ஒரு மணி நேரம் தாராளம். மழை பெய்திருந்தால் பாசி படிந்த கற்கள் வழுக்கும், பிடிப்புள்ள காலணி அவசியம்.

மாலை

பெரும்பாலான திட்டங்கள் மாலையில் நோம் பாகெங் குன்றுக்குக் கூட்டிச் செல்கின்றன. உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் இடம் என்பதால் நான்கு மணிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒரே நாள் கையில் உள்ளவர் அந்த நேரத்தை அங்கே கரைக்கக் கூடாது.

அதற்குப் பதில் மீண்டும் அங்கோர் வாட்டுக்கே வர வேண்டும். அதே சீட்டு செல்லும். இப்போது வெயில் முகப்பின் மீது விழுகிறது, காலையில் நிழலுருவாகத் தெரிந்த கோபுரங்கள் பொன்னிறமாகத் தெரியும். மேற்கு மண்டபத்தின் வடபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோளில் நின்று அம்பெய்யும் ராமன், அருகில் இலக்குவனும் வீடணனும், எதிரே இருபது கைகளுடன் ராவணன். தென்பாதியில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர், தேரோட்டியாகக் கண்ணன். சாய்வெயில் உள்ளே பாயும் இந்த வேளையில் வீரர்களின் விரல்கூடத் துல்லியமாகத் தெரியும். கோயில் 5:30 வாக்கில் மூடத் தொடங்கும். நாலேகாலுக்குள் வந்துவிட்டால் அவசரமின்றிப் பார்க்கலாம்.

தமிழகத்தோடு இந்த மண்ணுக்கு உள்ள தொடர்பை வழிகாட்டிகள் எப்போதும் சொல்வதில்லை. பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்ததுதான் கெமர் எழுத்து. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காம்போஜ மன்னன் குலோத்துங்க சோழனுக்கு ஒரு கல்லைக் காணிக்கையாக அனுப்பியதாகவும், அது சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாகவும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இந்தச் செய்தியை வழிகாட்டியிடம் சொல்லலாம். இத்தகைய தகவல்களை ஆர்வத்தோடு கேட்டுக்கொள்பவர்கள் அவர்களில் பலர்.

நாள் முடிவில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியே அன்பளிப்புத் தருவது வழக்கம். இருவரும் விடியலுக்கு முன்பே எழுந்தவர்கள்.

பயணத் திட்டத்தில் இன்னொரு நாளுக்கு வழியிருந்தால் மூன்று நாள் சீட்டே வாங்க வேண்டும். கூடுதல் செலவு 25 டாலர்தான். செந்நிறக் கல்லில் 967-இல் எழுந்த பந்தேய் ஸ்ரே, அங்கோரிலேயே நுணுக்கமான சிற்பம் உள்ள சிவன் கோயில், அந்த இரண்டாம் நாளுக்கு உரியது. மூன்று நாட்களையும் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாட்களிலும் அந்தச் சீட்டு செல்லும்.